முயலின் முன்பற்கள்

ஊவா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில், லயங்களின் பின்புறத்திலே, விறகு அடுக்கிய இடத்துக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவே, பலகையும் கம்பிவலையும் கொண்டு அமைத்த சிறு கூடொன்றைப் பலர் கண்டிருப்பர். அதனுள்ளே வெள்ளை முயலொன்றோ இரண்டோ அமர்ந்திருக்கும். தேயிலையைப் பலகைப் பெட்டிகளில் அடைத்து அனுப்பிய காலத்தில் உடைந்த பெட்டியொன்றே முயலுக்கு மாளிகையாயிற்று. பெட்டிகள் போய்க் காகித உறைகள் வந்த பின்னர், கிடைத்த பலகையைக் கொண்டு கூடு கட்டுகின்றனர். பசறைப் பக்கத்திலாயினும் தெமோதரைப் பக்கத்திலாயினும், பதுளை நகரத்து வீடுகளிலாயினும், அம்முயல்களுக்கு உரியவர் பெரும்பாலும் சிறுவர்களே. பெற்றோர் காலையில் கொழுந்துக்குப் போன பின்னர் அவற்றுக்குப் புல் தேடுவதும், பள்ளி விட்டு வந்ததும் அவற்றோடு பேசுவதும் அவர்களே.

அத்தகைய முயலொன்று ஒரு நாள் தீனியை விடுகிறது. விடுகிறது என்று சொல்வதும் முற்றும் பொருந்தாது. இலையைக் கண்டதும் அது ஓடிவருகிறது; முகர்கிறது; வாயால் பற்றுகிறது; பற்றிய இலை கீழே விழுகிறது. மீண்டும் பற்றுகிறது, மீண்டும் விழுகிறது. பின்னர் மூலையிற்போய் ஒடுங்கிக்கொள்கிறது. மோவாயும் கழுத்தின் கீழ்ப்புறமும் ஈரமாக இருக்கின்றன. கண்ணோரத்தில் நீர் வடிகிறது. வீட்டார் இதனைச் சளி என்றே எண்ணுகின்றனர். மழையும் மூடுபனியும் உள்ள ஊர் அன்றோ! கூட்டுக்குச் சாக்குப் போர்த்துகின்றனர். கொத்தமல்லி நீரும் கொடுத்துப் பார்க்கின்றனர். முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு உடல் மெலிந்து, ஒரு காலையில் முயல் இறந்து கிடக்கிறது. அப்பொழுதுதான் எவரோ அதன் உதட்டை விலக்கிப் பார்க்கின்றனர். கீழ்ப்பற்கள் இரண்டும் வாய்க்கு வெளியே நீண்டு நிற்கின்றன. மேற்பற்கள் ஆட்டுக்கடாவின் கொம்புபோல உள்நோக்கி வளைந்து கிடக்கின்றன. பசி இருந்தும் உண்ண இயலாமல் மாண்ட உயிர் அது.

மனிதர்க்குப் பால்பல் விழுந்து மறுபல் முளைத்து முற்றிய பின்னர், அப்பல்லின் வளர்ச்சி அத்துடன் முடிந்துவிடும். முயலின் பல்லுக்கு அந்த எல்லை கிடையாது. அதன் வேர் மூடுவதில்லை. உயிருள்ள வரையில் பல் அடியிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும். மேல்முன்பல் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீற்றரும், கீழ்முன்பல் அதனினும் சற்று அதிகமாகவும் வளர்கின்றன. தடையின்றி விட்டால் ஓராண்டில் 10 சென்ரிமீற்றருக்கு மேல் நீண்டுவிடும். தோட்டத்து மக்களுக்கு இதனை விளக்க வேறு உவமை தேடவேண்டியதில்லை. கவ்வாத்துக் கத்தி படாத தேயிலைச் செடி இடுப்பளவில் நில்லாது, மரமாகிவிடும் என்பதை அவர்கள் அறிவர். முயலின் பல்லும் அப்படியே. ஆயின் முயலுக்குக் கவ்வாத்துச் செய்ய வெளியாள் வேண்டுவதில்லை. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று உராய்ந்து தம்மைத் தாமே தேய்த்துக்கொள்கின்றன. பல்லின் முன்புறத்திலே கடினமான பூச்சுத் தடித்தும், பின்புறத்திலே மெல்லியதாகவும் இருப்பதனால், தேய்வு பின்புறத்தில் விரைந்து, நுனி உளிபோலக் கூர்மையுடன் நிற்கிறது. இரண்டும் சரியாகச் சந்திக்கும் வரையில் யாதொரு தொல்லையும் இல்லை. அச்சந்திப்புச் சிறிது தவறினால் தேய்வு நின்றுவிடும், வளர்ச்சியோ நில்லாது.

முயலின் வாயில் இன்னொரு விந்தையும் உண்டு. மேல்வாயின் பெரிய முன்பற்கள் இரண்டுக்கும் பின்னே, முளைபோன்ற சிறு பற்கள் இரண்டு மறைந்திருக்கும். எலிக்கும் அணிலுக்கும் இவை இல்லை. முயலை எலியின் இனத்தோடு சேர்த்தே நெடுங்காலம் எண்ணிவந்த விலங்கியலார் பின்னர் அதற்குத் தனி வகுப்பு அளித்தமைக்கு இச்சிறு பற்களும் ஒரு காரணம். கிட்லி என்ற அமெரிக்க அறிஞர் 1912ஆம் ஆண்டில் இப்பிரிவினையை வலியுறுத்தினார். மொத்தம் 28 பற்கள். அவற்றுள் முன்பற்கள் ஆறு. எஞ்சிய கடைவாய்ப்பற்களும் ஓயாது வளர்வனவே என்பதை மறத்தலாகாது. கண்ணுக்குத் தெரியும் முன்பல்லின் கோணலுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத கடைவாயில் இருப்பதும் உண்டு.

ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளிலே திரியும் காட்டு முயலுக்கு இந்நோய் கண்டதாக எவரும் பேசுவதில்லை. பிடரியிற் கருமை படர்ந்த அம்முயல் வேறு இனத்தது. அது வளை தோண்டுவதில்லை. அதன் குட்டி உரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். கூட்டு முயலோ ஐரோப்பாவின் தென்மேற்கிலே, ஸ்பெயின் நாட்டுப் பகுதிகளில் வளை தோண்டி வாழ்ந்த இனத்தின் வழிவந்தது. அதன் குட்டி உரோமமின்றிக் கண்மூடிப் பிறக்கும். இனம் வேறாயினும் தீனி ஒன்றே: புல். புல்லிலே மணலின் தன்மை கொண்ட நுண்ணிய பொருள் உண்டு. அதனை மெல்லுங்கால் முயலின் தாடை பக்கவாட்டில் நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் அசைகிறது. நாள்தோறும் பல மணி நேரம் இவ்வாறு அரைத்தால் கடைவாய்ப்பற்கள் அளவோடு தேய்ந்து நிற்கும்.

கூட்டு முயலுக்குக் கிடைப்பது என்ன? வெலிமடை, பண்டாரவளைத் தோட்டங்களிலிருந்து பதுளைச் சந்தைக்கு வரும் கரட்டும், கோவாவின் வெளியிலையும், வீட்டில் மிஞ்சிய பாணும் ரொட்டியும் சோறுமே பல வீடுகளில் அதன் உணவு. கரட்டே முயலின் உணவு என்பதில் ஊருலகம் உறுதியாக நிற்கிறது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார் கூட இவ்வளவு உறுதியாய் நில்லார். உண்மையில் கரட் முயலுக்கு இனிப்புப் பண்டம். கடலைமிட்டாய் குழந்தைக்கு எப்படியோ அப்படி. பாணும் சோறும் அதனினும் தீது. மெல்லும் வேலை இல்லை, வயிறு நிறைந்துவிடுகிறது, பல் தேய்வதில்லை. கடைவாய்ப்பல் உயர்ந்தால் வாய் சரியாக மூடாது. மூடாத வாயில் முன்பற்கள் ஒன்றையொன்று தவறவிடும். ஓரிரண்டு வயதுவரை நன்றாயிருந்த முயலுக்குப் பின்னர் பல் நீண்டால், பெரும்பாலும் காரணத்தை இங்கேதான் தேடவேண்டும்.

ஆகவே முயலின் உணவில் ஐந்தில் நான்கு பங்கு புல்லும் உலர்புல்லுமாக இருத்தல் நன்று. கினிப்புல் தெருவோரங்களிலும் ஓடைக்கரைகளிலும் தாராளமாய் வளர்கிறது. அதனை அறுக்கும் இடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு: களைநாசினி தெளித்த தேயிலை மலையின் ஓரத்துப் புல்லைத் தொடவே கூடாது. எந்த மலைக்கு எப்பொழுது மருந்தடித்தார்கள் என்பதைத் தோட்டத்தில் கேட்டறிவது அரிதன்று. உலர்புல்லுக்கும் ஊவாவில் இயற்கையே வசதி செய்திருக்கிறது. ஐப்பசி தொடங்கித் தை வரையில் பதுளையில் மழை. அப்பொழுது புல் நனைந்தே கிடக்கும், உலர்த்த வழியில்லை. ஆனால் ஆடி, ஆவணி மாதங்களில், மேற்கே மலைகளுக்கு அப்பால் மழை கொட்டும் வேளையில், இப்பக்கம் உலர்ந்த கச்சான் காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைக் கொடுப்பது அக்காற்றே. உலக வணிகர் அப்பருவத்துக் கொழுந்துக்குத் தனி விலை கொடுப்பர். அதே காற்றில், பூக்குமுன் அறுத்த கினிப்புல்லைப் பரப்பி வைத்தால், பசுமை மாறாது சில நாட்களில் உலர்ந்துவிடும். சாக்கில் அடைத்து, ஈரம் படாத பரணில் வைத்தால், மழைக்காலம் முழுவதும் ஒரு முயலுக்குக் கவலையில்லை. பூஞ்சணம் பிடித்ததை மாத்திரம் எறிந்துவிடவேண்டும்.

தீனியால் வரும் கோளாறு ஒன்றாக, பிறப்பால் வரும் கோளாறு இன்னொன்று. தாடைகளில் ஒன்று குட்டையாக அமைந்து, கீழ்ப்பல் மேற்பல்லுக்கு முன்னே வந்து நிற்கும் குட்டிகள் உண்டு. பிறந்து சில வாரங்களிலேயே இது தோன்றத் தொடங்கும். சில மாதங்களுக்குள் வெளிப்படையாகிவிடும். முகம் குறுகிய குள்ள இனங்களில் இது மிகுதி. இக்குறை தாய் தந்தை இருவரிடமிருந்தும் மறைவாக வந்து குட்டியில் கூடுவது. பெற்றோர் இருவரின் வாயும் செம்மையாக இருந்தும் குட்டியின் வாய் கோணலாவது இதனாலேயே. தோட்டங்களில் முயல் பரவும் முறையை நோக்கினால் இதன் ஆபத்து விளங்கும். எவரோ ஓர் இணையைக் கொண்டுவருவர். அதன் குட்டிகள் ஒரு லயத்திலிருந்து மறு லயத்துக்கும், அங்கிருந்து அடுத்த டிவிசனுக்கும் அன்பளிப்பாகப் போகும். மூன்று தலைமுறை செல்லுமுன் அத்தோட்டத்து முயல்கள் யாவும் உடன்பிறந்தாரும் ஒன்றுவிட்ட உடன்பிறந்தாருமாகிவிடும். மறைந்திருந்த குறை அப்பொழுது வெளியே வரும். பல் கோணிய முயலைக் குட்டி ஈன விடலாகாது. அதனை ஈன்ற இணையையும் பிரித்துவிடவேண்டும். தொலைவிலுள்ள ஊரிலிருந்து கடுவனொன்றைக் கொண்டுவருதல் நன்று. கூட்டின் கம்பியைக் கடித்து இழுக்கும் வழக்கத்தாலும், கீழே விழுவதாலும் பல் வளைவதும் உண்டு.

காரணம் எதுவாயினும், காலத்தோடு கண்டறிவதே முதல் வேலை. வாரத்துக்கொரு முறை, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளலாம், வாயைப் பார்த்தல் போதும். காதைப் பிடித்துத் தூக்குவது நெடுநாளைய வழக்கமாயினும் கொடிய வழக்கம். முயல் பின்காலால் உதைத்துத் துள்ளும்போது தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளக்கூடும். பழஞ்சேலைத் துண்டொன்றில் உடலைச் சுற்றி, ஒருவர் மடியில் வைத்துக்கொள்ள, மற்றவர் இரு விரல்களால் மேலுதட்டை மெல்ல விலக்கவேண்டும். மேற்பல் கீழ்ப்பல்லுக்குச் சற்று முன்னே, இரண்டும் நேராக, ஒரே அளவாக நிற்பின் நலம். நுனிகள் சந்திக்காமலோ, ஒன்று பக்கவாட்டிற் சாய்ந்தோ, கீழ்ப்பல் முன்வந்தோ இருந்தால் தாமதம் கூடாது.

இங்கேதான் அன்புடைய வீட்டார் பெரும்பிழை செய்கின்றனர். பல் நீண்டிருப்பதைக் கண்டதும் நகவெட்டியையோ கம்பி வெட்டும் குறட்டையோ எடுத்து, நீண்ட பகுதியை நறுக்கிவிடுகின்றனர். நகம் வளர்ந்தால் வெட்டுகிறோம், பல் வளர்ந்தால் வெட்டலாகாதோ என்பது அவர்கள் வாதம். அவர்களை மாத்திரம் குறை கூறுவதற்கில்லை. மேல்நாட்டு மிருக வைத்தியர்களே ஒரு காலத்தில் அவ்வாறுதான் செய்தனர், நூல்களும் அவ்வாறே எழுதின. அனுபவமும் ஆராய்ச்சியும் பெருகிய பின்னரே அது கைவிடப்பட்டது. நகம் வளைந்து கொடுக்கும். பல்லோ கண்ணாடிபோல் நொறுங்கும். குறட்டின் இரு அலகும் நெருக்கும்போது, பல் குறுக்கே துண்டாவதோடு நெடுக்காகவும் பிளக்கும். அப்பிளவு ஈறுக்குள்ளே சென்றுவிட்டால், பல்லின் உள்ளேயுள்ள உயிர்ச்சதை வெளிப்படும். அவ்வழியே கிருமி நுழைந்து தாடையெலும்பில் சீழ்க்கட்டி உண்டாகும். முயலின் சீழ் நீர்போன்றதன்று, வெண்ணெய்க்கட்டிபோலத் தடித்தது. கீறிவிட்டாலும் அது எளிதில் வடியாது. அத்தகைய கட்டியைக் குணப்படுத்துதல் கைதேர்ந்த வைத்தியருக்கும் கடினம். பிளவு ஏற்படாவிடினும், நெரித்த அதிர்ச்சி வேரின் அடியிலுள்ள வளரும் பகுதியைத் தாக்கும். அதன்பின் முளைக்கும் பல் முன்னிலும் கோணலாக வரும். வெட்டிய முனை முள்போல நின்று நாவையும் உதட்டையும் கிழிக்கும். முதல் முறை வெட்டியபோது ஒன்றும் நேரவில்லையே என்பது ஆறுதலாகாது. சில வாரங்களுக்கு ஒரு முறை வெட்டவேண்டிய பல் அது. பத்தாம் முறையில் நேரலாம்.

தக்க முறை யாதெனின், பல் வைத்தியர் மனிதரின் பல்லுக்குப் பயன்படுத்துவது போன்ற, விரைந்து சுழலும் அரத்தால் பல்லைத் தேய்த்துக் குறைப்பதே. வைத்தியர் பல்லின் பின்னே மரத்தகடொன்றையோ மருந்தூசிக் குழலின் உறையையோ வைத்து, நாவையும் உதட்டையும் காத்துக்கொண்டு, சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடுவார். பல்லின் நுனிப் பகுதியில் உணர்ச்சி இல்லை; அமைதியான முயல்களுக்கு மயக்க மருந்தும் தேவைப்படுவதில்லை. அந்த வேளையிலேயே கடைவாயையும் சோதித்துவிடுவார். கடைவாய்ப்பல்லில் முள்போன்ற கூர் இருக்குமாயின், முன்பல்லை மட்டும் தேய்ப்பதால் பயனில்லை.

பதுளைப் பகுதியில் அரசாங்க மிருக வைத்திய அலுவலகங்கள் உள. ஆயினும் அவற்றின் நாளாந்த வேலை பசுவும் ஆடும் கோழியும் நாயுமே. முயலுக்கேற்ற சிறு அரம் எல்லா இடத்திலும் இராது. ஆகவே முன்னரே கேட்டறிந்து செல்லுதல் வேண்டும். அங்கு இயலாதாயின் தனியார் வைத்தியரிடமோ, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கோ வழிகாட்டுவர். பேராதனைக்குச் செல்வது பல மணி நேரப் பயணம். வழியெங்கும் கூட்டிலே புல் இருக்கவேண்டும். முயல் ஒரு நாள் முழுதும் ஒன்றும் உண்ணாதிருந்தால் குடல் அசைவு நின்றுபோகும். பல்லினும் விரைவாக அதுவே உயிரைக் குடித்துவிடும். உண்ணாத முயலை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடலாகாது என்பது இதனாலேயே. வீட்டில் மிஞ்சியிருக்கும் அமொக்சிசிலின் போன்ற குளிசைகளை வாய்வழி கொடுப்பதும் பெருந்தீங்கு. மனிதர்க்கு நன்மை செய்யும் அம்மருந்து, முயலின் குடலில் உணவைச் செரிக்கச் செய்யும் நுண்ணுயிர்களை அழித்து, சில நாட்களில் முயலையே கொன்றுவிடும்.

பிறவிக் கோணலுடைய முயலுக்கு ஒரு முறை தேய்த்தல் போதாது. நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை, அதன் வாழ்நாள் முழுவதும் தேய்க்கவேண்டும். நன்கு பேணினால் முயல் எட்டு, பத்து ஆண்டுகள் வாழும். கொழுந்து பறிக்கும் ஒரு தாய், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் பேரை இழந்து, பஸ் கட்டணமும் கொடுத்து, முயலைக் கூடையிற் சுமந்து செல்வது எத்தனை ஆண்டுக்கு இயலும்? இக்கேள்வியை மறைத்துப் பேசுதல் அழகன்று. முயல்தானே, கறிக்கு ஆகட்டும் என்று சொல்லும் மூத்தோர் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பர். அதைக் கேட்டு உண்ணாமற் படுத்துக்கொள்ளும் சிறுமியும் இருப்பாள். இருவர்க்கும் இடையே நின்று முடிவு செய்யவேண்டியவர்கள் பெற்றோரே.

அவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. முன்பற்கள் ஆறையும், பின்னே மறைந்த சிறு பற்கள் இரண்டு உட்பட, மயக்க மருந்து கொடுத்து ஒரே முறையில் அகற்றிவிடலாம். கொடுமையாகத் தோன்றும் இச்சிகிச்சையே பிறவிக் கோணலுக்குப் பெரும்பாலும் நிலையான தீர்வு. செலவு ஒரு முறை பெரிது. பின்னர் மாதந்தோறும் அலைய வேண்டுவதில்லை. கடைவாய்ப்பற்கள் நலமாக இருக்கும் இளம் முயலுக்கே இது சிறப்பாகப் பொருந்தும். முயலுக்கு மயக்க மருந்து நாய், பூனைகளுக்குப் போல அத்தனை பாதுகாப்பானதன்று. பிரித்தானியாவில் 2008ஆம் ஆண்டு வெளிவந்த விரிவான ஆய்வொன்று, மயக்கமூட்டிய முயல்களில் ஏறக்குறைய 72க்கு ஒன்று இறந்ததாகக் கண்டது. நாய்களில் அது 600க்கு ஒன்றளவே. முயலைக் கையாண்டு பழகிய வைத்தியரைத் தேடவேண்டியதன் காரணம் இதுவே. முயலால் வாந்தியெடுக்க இயலாது. ஆதலின் சத்திர சிகிச்சைக்கு முன் அதனைப் பட்டினி போடத் தேவையில்லை, போடவும் கூடாது. வேரின் வளரும் பகுதி சிறிதேனும் எஞ்சினால் பல் மீண்டும் தலைகாட்டும்; அப்பொழுது மறுமுறை எடுக்க நேரும்.

இரண்டு வழியும் இயலாத வீட்டில், முயல் பட்டினியால் அணுவணுவாய்ச் சாகும்படி விடுவதிலும், வைத்தியரிடம் கொண்டுசென்று வலியின்றி உறங்கச் செய்தலே இரக்கமுடைய செயலாகும். அதனைச் சிறுவர்க்கு மறையாது சொல்லுதலும் வேண்டும்.

பல் அகற்றிய முயல் எப்படி உண்ணும் என்ற ஐயம் இயல்பானது. முன்பல் வெட்டும் கருவி, அரைப்பது கடைவாய். ஆகவே வெட்டித்தரும் வேலையை மட்டும் மனிதர் ஏற்றுக்கொண்டால் போதும். முதற்சில நாட்கள் வைத்தியர் தந்த வலிநீக்கி மருந்தோடு, நீரிற் குழைத்த தூள்தீனியை ஊசியில்லாத மருந்துக் குழலால் கடைவாய்ப்புறமாகச் சிறிது சிறிதாய் ஊட்டவேண்டி வரலாம். பின்னர் கோவா இலையை நூல்போல அரிந்தும், கினிப்புல்லை விரல்நீளத் துண்டுகளாக நறுக்கியும் வைத்தால், முயல் தன் உதடுகளாலேயே பற்றி உள்ளே இழுத்துக்கொள்ளப் பழகும். கரட் கொடுப்பதானால் துருவி, ஒரு கரண்டி மட்டும். உரோமத்தைக் கோதிச் சுத்தம் செய்வதற்கும் அது முன்பல்லையே நம்பியிருந்தது. இனி அந்த வேலை சீப்போடு கூட்டருகே அமரும் சிறுமியுடையது.